கூப்பிட்டால் வராத நாய்

நாயைக் கொடுப்பதில்லை என்று அக்கா முடிவு செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதை முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

எதிர் நாற்காலியில் இருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். கசங்கிய சட்டை, பல நாள் தாடி, சிவந்த கண்கள். கையில் வைத்திருந்த போட்டோவை மேஜை மேல் நகர்த்தினான்.

"இதுதாங்க எங்க ராஜா. தேடாத இடமில்ல. உங்க நோட்டீஸைப் பாத்துட்டு ஓடி வந்தேன்."

அக்கா போட்டோவைப் பார்த்தாள். பழுப்பு நிற நாய். இடது காதில் ஒரு பிளவு, நெற்றியில் சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. சந்தேகமே இல்லை, பதினோராம் கூண்டில் இருக்கும் அதே நாய்தான். நான்கு நாளுக்கு முன்பு நெடுஞ்சாலையோரம் ஒரு பஞ்சர் கடைக்காரர் பார்த்துவிட்டு போன் செய்ய, இவர்கள் வேனில் போய்த் தூக்கி வந்தார்கள். கழுத்தில் பட்டை இருந்த தடம் இருந்தது. பட்டை இல்லை.

அக்கா பதினெட்டு வருடம் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்தவள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு, தொலைந்த பிராணிகளை உரியவர்களிடம் சேர்ப்பதும், உரியவர்களே இல்லாதவற்றுக்கு இடம் கொடுப்பதுமாக இந்த இல்லத்தை நடத்தி வந்தாள். ஊருக்குள் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். நேரில் எல்லோருக்கும் அக்கா.

"மீசை! பதினொண்ணைக் கூட்டிட்டு வா."

மீசை என்பவனுக்கு மீசை கிடையாது. ஒரு பூனையைக் கிணற்றிலிருந்து தூக்கியபோது அது நன்றிக்கடனாக ஒரு பக்கத்தைப் பிய்த்துவிட்டது. மறுபக்கத்தை அவனே எடுத்துவிட்டான். பெயர் மட்டும் தங்கிவிட்டது. வேன் ஓட்டுவது, கூண்டு கழுவுவது, துப்பு விசாரிப்பது, நேரம் காலம் தெரியாமல் நக்கலடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

நாய் வந்து அறை நடுவில் உட்கார்ந்தது.

"ராஜா! டேய் ராஜா! இங்க வாடா!" என்றான் வந்தவன்.

நாயின் காது மடல்கூட அசையவில்லை. அவனும் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மின்விசிறிக்கு அடியிலேயே அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"வீட்டுல எப்படிங்க, கூப்பிட்டா வருவானா?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

"தெரு முனையில நின்னு ஒரு குரல் குடுத்தாப் போதுங்க. பறந்து வருவான்."

அந்த நேரத்தில் சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. நாய் சட்டென்று எழுந்தது. குரைக்கவில்லை. நேராக மீசையிடம் போய் அவன் முழங்காலை மூக்கால் முட்டியது, சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது, மறுபடி முட்டியது.

அக்காவுக்கு அது போதும்.

"டாக்டர் கையெழுத்து இல்லாம வெளிய விட முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க."

"இப்பவே குடுக்க முடியாதாங்க? கொஞ்சம் அவசரம்."

"நாயைக் கூட்டிட்டுப் போறதுல என்ன அவசரம்?"

அவன் வாயைத் திறந்தான். அக்காவின் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை இருந்தது. 'வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது குற்றம். விட்டவர் மீது போலீசில் புகார் செய்யப்படும்.' சிவப்புப் பெயின்டில் அவளே எழுதியது. அவன் கண் அங்கே போய் நின்று, கீழே இறங்கியது.

"ஒண்ணுமில்லீங்க. நாலு மணிக்கே வர்றேன்."

"போட்டோ இங்கேயே இருக்கட்டும்."

அவன் போன பிறகு மீசை பெருமூச்சு விட்டான். "என்னக்கா நீங்க? அந்த ஆளு கண்ணு கலங்கினதைப் பாத்தா நானே ராஜான்னு சொல்லி அவர்கூடக் கிளம்பியிருப்பேன்."

"உன்னைக் கூப்பிட்டா நீ திரும்பிப் பார்ப்பே. இது பார்க்கல."

"செவிடா இருக்கும்."

"செவிடா இருந்தா டம்ளர் விழுந்ததுக்கு ஏன் எழுந்திரிக்குது?"

சொல்லி வைத்தது போல மேஜை மேல் போன் அடித்தது. நாய் இப்போது அக்காவிடம் வந்து முழங்காலை முட்டி, போனைப் பார்த்தது. அக்கா போனை எடுக்கவே இல்லை.

"பாத்தியா? சத்தம் வந்தா குரைக்கல. பக்கத்துல இருக்கிறவங்களைத் தொட்டுச் சொல்லுது. இதை வளர்த்தவருக்குக் காது கேக்காது மீசை. பேச்சும் வராது போல. அதனாலதான் குரல் குடுத்துக் கூப்பிட்டா இதுக்குப் புரியவே இல்ல. ராஜாங்கிற பேரு காலையில வெச்ச பேரு."

மீசை நாயை வேறு கண்ணால் பார்த்தான். அக்கா தரையில் உட்கார்ந்து நாயின் வயிற்று ரோமத்தை விரலால் கோதினாள். வேர்ப் பக்கத்தில் சிக்கியிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். சிவப்பு, ஊதா, காக்கி, கறுப்பு. விலாவில் ஒரு எண்ணெய்த் தடம் இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"மெஷின் எண்ணெய். தையல்காரர் வீட்டு நாய்."

"இல்லேன்னா வானவில்லுல உருண்டிருக்கும்."

"போட்டோவைப் பாரு. வீட்டு ஹாலா அது?"

நாய்க்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்று தெரிந்தது. புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்காகத் தையல் கடைகளில் வைத்திருப்பது. அதன் மூலையில் தெருவுக்கு எதிர்ப்பக்கத்துப் பலகை ஒன்று இடவலம் மாறிய எழுத்தில் விழுந்திருந்தது. மீசை போட்டோவை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய், அங்கிருந்த கண்ணாடி முன்னால் பிடித்தான்.

"ல்... மருத்துவமனை. முன்னால ஒரு எழுத்து நாய்த் தலை மறைக்குது. பக்கத்துல என்னமோ வெள்ளையா ஒரு படம்... கடைவாய்ப் பல்லு இது அக்கா! பல் மருத்துவமனை!"

பல் மருத்துவர்களின் பட்டியலை எடுத்து மீசை போன் செய்ய ஆரம்பித்தான். "ஹலோ, எனக்குப் பல்லும் ஆடுது, பேன்ட்டும் கிழிஞ்சிருக்கு. உங்க எதிர்ல தையல் கடை இருந்தா ரெண்டையும் ஒரே நடையில முடிச்சுக்கலாம்னு பாக்கறேன்." இரண்டு பேர் பட்டென்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பல்லை மட்டும் பிடுங்குவதாகச் சொன்னார். ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் குரல் தயங்கியது.

"எதிர்ல டெய்லர் கடை இருக்கு. ஆனா எட்டு நாளா பூட்டியிருக்கு."

அக்கா போனை வாங்கினாள். "அந்த டெய்லருக்குக் காது கேக்காதாம்மா?"

"ஆமாங்க. நீங்க யாரு? ... இருங்க, உள்ள டாக்டர் கூப்பிடறாரு. நேர்ல வாங்களேன்." இணைப்பு போய்விட்டது.

பன்னிரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. நாய் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"யோசிச்சுப் பாரு," என்றாள் அக்கா. "காது கேக்காதவர் தனியா இருக்கார். நாய்தான் அவருக்குக் காது. அந்தக் காதை யாரோ கழட்டி நெடுஞ்சாலையில எறிஞ்சிருக்காங்க. அப்புறம் யாரு கதவைத் திறந்தாலும் அவருக்குத் தெரியாது."

மீசை கியரை மாற்றினான். "சரிக்கா. வேணும்னே விட்டவன் இப்ப எதுக்கு மெனக்கெட்டுத் தேடி வரணும்?"

"சாட்சியை அழிக்க."

"நாய் எந்தக் கோர்ட்டுல ஏறிச் சாட்சி சொல்லப் போகுது?"

"ஓட்டுடா."

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாததை அவள் கவனித்தாள். ஆனால் போகிற வேகத்தில் அதை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

தையல் கடை குறுகலானது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே புதுப் பூட்டு தொங்கியது. அக்கா கண்களுக்கு இருபுறமும் கையைக் குவித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். முக்காலி கவிழ்ந்து கிடந்தது. துணி வெட்டும் மேஜையின் கூர்முனையில் காய்ந்து கறுத்த ரத்தம் இருந்தது. மேஜை மேலே பெரிய கத்தரிக்கோல். அதன் பக்கத்தில், இரண்டாக வெட்டப்பட்ட நாயின் கழுத்துப் பட்டை.

"அடப் பாவி," என்றான் மீசை.

நாய் கதவருகே நிற்கவில்லை. தெருவைக் கடந்து எதிரே பல் மருத்துவமனைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டது. பழகிய தெருவுக்கு வந்ததும் நாய் குழம்பிவிட்டது என்று அக்கா நினைத்தாள்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "டெய்லருக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, நான் ஊர்ல இல்ல. நாலு நாளைக்கு முன்னால திரும்பி வந்தப்ப, அவரோட தம்பிதான் வந்து பூட்டினான். நாயைக் கார் டிக்கியில ஏத்திட்டுப் போனான். ஏத்தறதுக்குக்கூட வேற ஆளை வெச்சுத்தான் ஏத்தினான்."

"பாக்க எப்படி இருப்பான்?"

அவர் சொன்ன அடையாளம் காலையில் வந்தவனோடு பொருந்தியது. அண்ணனும் தம்பியும் பேசிப் பத்து வருடம் இருக்கும் என்றும் சொன்னார். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் போட்டோ எடுத்த பிறகு, அக்கா தன்னோடு வேலை பார்த்த ஒரு இன்ஸ்பெக்டரை போனில் பிடித்தாள்.

"நாலு மணிக்கு ஒருத்தன் என் ஆபீசுக்கு வருவான் சார். ஆளை அனுப்புங்க. அடிதடி கேஸ். அதுக்கு மேலயும் இருக்கலாம்."

எல்லாத் துப்பும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்போது வரும் ஒரு சந்தோஷம் உண்டு. அது அவளுக்கு உள்ளுக்குள் வந்திருந்தது. பிற்பாடு அந்த நிமிடத்தை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

டாக்டர் ஒரு பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பல் மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை மணிக்கு உள்ளேயிருந்து டோக்கன் கொடுக்கும் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். படியில் நாயைக் கண்டதும் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கடா போயிட்டே? டெய்லர் அண்ணா அங்க சாப்பிடாமக் கொள்ளாமக் கிடக்கிறாரே!"

அக்கா அவள் பக்கம் குனிந்தாள். "எங்கே கிடக்கிறார்?"

"ஆஸ்பத்திரியிலதான். உங்களுக்குத் தெரியாதா?"

எட்டு நாளுக்கு முன்பு, காலை நேரம். இந்த நாய் தெருவைக் கடந்து வந்து டோக்கன் பெண்ணின் முழங்காலை முட்டியிருக்கிறது. பிஸ்கெட் கேட்கிறது என்று நினைத்து இரண்டு தடவை விரட்டியிருக்கிறாள். மூன்றாவது தடவை துணியைக் கவ்வி இழுத்தது. போய்ப் பார்த்தால் தையல்காரர் தரையில் கிடந்தார். பக்கவாதம். விழுந்தபோது மேஜை முனையில் மண்டை மோதியிருந்தது.

"தம்பி அடிக்கலையா?" என்றான் மீசை.

"அவரா? தகவல் சொன்ன அரை மணியில வந்து நின்னாருங்க. எங்க போறோம்னு தெரியாம அண்ணனைத் தள்ளிக்கிட்டுப் பிரசவ வார்டுக்குள்ள ஓடிட்டாரு. அந்தக் கோலத்துல இருந்தாரு மனுஷன்."

"அப்ப நாய்?"

"ஓடிப்போச்சுன்னாரு. அண்ணாவுக்கு நினைவு திரும்பினதிலிருந்து வலது கை வரல. இடது கையால தொடையைத் தட்டித் தட்டிக் காட்டறாரு. அப்படித்தான் இதைக் கூப்பிடுவாரு. இது வந்தாத்தான் சாப்பிடுவேன்னு பிடிவாதம். தம்பி மூணு நாளா பைத்தியம் மாதிரி ஊர் பூரா தேடிக்கிட்டிருக்காரு."

அக்கா எழுந்துவிட்டாள். முழங்கால் வலியோடு அவள் அப்படி ஓடி மீசை பார்த்ததில்லை. டோக்கன் பெண்ணும் கூடவே வேனில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு. அதில் காலையில் வந்தவன் தனியாக உட்கார்ந்திருந்தான். நாயைக் கண்டதும் எழுந்தான். எழுந்தவன் முன்னால் வரவில்லை, பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஒண்ணு பத்துக்கு அண்ணன் போயிட்டாரு," என்றான்.

டோக்கன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்று பத்துக்குத் தான் எங்கே இருந்தோம் என்று அக்கா கணக்குப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வெட்டுப்பட்ட பட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில ஏன் உண்மையைச் சொல்லல?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"எதைச் சொல்றது? அண்ணன் இனி கண்ணைத் திறக்க மாட்டாருன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. கடையில நானும் நாயும். அது என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னால முடியல. ஒரு ஆளை வெச்சுப் பட்டையை வெட்டி, கொண்டுபோய் விட்டுட்டேன். பட்டையில கடை விலாசம் இருந்துச்சு, யாராவது திருப்பிக் கொண்டாந்துடுவாங்கன்னுதான் வெட்டச் சொன்னேன். மறுநாள் அண்ணன் கண்ணைத் திறந்துட்டாரு."

அவன் மூச்சு வாங்கினான்.

"உங்க தலைக்கு மேல போர்டு இருந்துச்சுங்க. அண்ணன் நாய்னு சொன்னா, அது ரோட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்பீங்க. விட்டவன் நான்தான்னு சொன்னா நாயும் வராது, என்னையும் ஸ்டேஷன்ல உக்கார வெச்சுடுவாங்க. இவர் இங்க தனியாக் கிடப்பாரு. அதான் சாயங்காலம் வரைக்கும் தாங்குவாருன்னு நம்பிட்டேன்."

அக்காவின் போன் அடித்தது. நாய் அவள் முழங்காலை முட்டியது. இன்ஸ்பெக்டர்.

"நாலு மணிக்கு ரெண்டு பேர் போதுமா?"

"யாரும் வேண்டாம் சார். கேஸ் இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு நர்ஸ் எதிரில் நின்றாள். நடுத்தர வயது, களைத்த முகம். நாயைப் பார்த்தாள், தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"பின்பக்கமா வாங்க. கொஞ்ச நேரம்தான். பெரியவங்க யாராவது பார்த்தா என் வேலை போயிடும்."

திரைக்குப் பின்னால் தையல்காரர் கழுத்து வரை வெள்ளைத் துணியோடு கிடந்தார். இடது கை மட்டும் கட்டிலோரத்தில் வெளியே இருந்தது. நாய் அந்தக் கையை முகர்ந்தது. விரல் விரலாக முகர்ந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் நுழைந்து, காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. தையல் மெஷினுக்கு அடியில் இத்தனை வருடம் எப்படிப் படுத்ததோ அப்படி. மீசை திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தான். அவனையும் நாயையும் அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

நர்ஸ் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். "காலையில பேனா கேட்டாரு. எழுதிட்டு, நாய் மாதிரி கையை வெச்சுக் காட்டினாரு. நாயைக் கூட்டிட்டு வர்றவங்களுக்குன்னு புரிஞ்சுக்கிட்டேன். நீங்கதானே?"

பழக்கமில்லாத இடது கை எழுத்து. வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அக்கா வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'தம்பிக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் கடித்திருக்கிறது. அவன்தான் விட்டிருப்பான். திட்டாதீர்கள். நாயை அவனிடம் கொடுக்க வேண்டாம். இரண்டு பேரும் கஷ்டப்படுவார்கள்.'

அவள் இரண்டாம் முறை படித்தாள். அக்குளுக்குள் இறுக்கிய கைகள். நாற்காலியை விட்டு எழாத உடம்பு. மின்விசிறிக்கு அடியில் வேர்வை. நாய்க்குப் பயப்படுகிறவனைப் பதினெட்டு வருடமாக அவள் எட்டி நின்றே கண்டுகொண்டவள். இன்றைக்கு அதே பயம் எதிரே உட்கார்ந்து நடுங்கியபோது, அதற்குத் திருட்டுத்தனம் என்று பெயர் வைத்துவிட்டாள். நாற்பத்திரண்டு நாய்கள் கூண்டுக் கம்பியில் மோதிக் குரைக்கிற முற்றத்தைக் கடந்துதான் அவன் அவள் அறைக்கு வந்திருந்தான்.

தாளை அவனிடம் கொடுத்தாள். அவன் படித்தான். படித்து முடித்த பிறகும் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான். "தெரிஞ்சும் என்கிட்ட கையைக் காட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"என் மேலயும் தப்பு இருக்கு," என்றாள் அக்கா. "பொய்யைக் கண்டுபிடிச்சேன். எதுக்குப் பொய்னு கேட்கல."

அவன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டோக்கன் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேங்க. எங்க வீடு தீப்பெட்டி மாதிரி. அதுல ரெண்டு பசங்க வேற. இருந்தாலும் அன்னிக்கு அது என்னைத்தானே தேடி வந்துச்சு?"

"படிவம் நிரப்பணும்," என்றாள் அக்கா, பழக்கத்தில். பிறகு, "அது நாளைக்குப் பார்த்துக்கலாம். இப்பவே கூட்டிட்டுப் போங்க."

வேன் வாசலுக்கு வெளியே நின்றிருந்தது. கிளம்பும்போது தம்பி பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"கேட் வரைக்கும் நான் பிடிச்சுக்கிட்டு வரட்டுங்களா?"

அக்கா கயிற்றை நீட்டினாள். அவன் அதை வாங்கி, கையை எவ்வளவு தள்ளி நீட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டான். நாய் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, இழுக்கவும் இல்லை. அவன் நடைக்கு ஏற்றபடி மெதுவாகப் போனது. தாழ்வாரம், மருந்து வாங்கும் வரிசை, சக்கர நாற்காலிகள், வெயில் அடிக்கும் முற்றம்.

கேட்டருகே வந்ததும், உடலை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்," என்றான். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான். கயிற்றைப் பிடித்த கை இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. மீசைதான் பக்கத்தில் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுக்க வேண்டியிருந்தது.